வீடியோ பீற்றர் கேட்ட கேள்வி

தங்கச்சி வசந்தமலரின் கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார் பீற்றர் நவரத்தினம். மறைந்த பிறகும் வீட்டுக்குள் வரவில்லை. படியில் இறங்கினார், ஏறினார். கராஜ் கதவைத் திறந்தார், பூட்டினார், திரும்பவும் திறந்தார். ஆக்லாந்து மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மரவீடுகளில் யார் எங்கே நடந்தாலும் பலகை காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு அந்த வீடு தலையிலிருந்து கால்வரை முனகியது.

"இஞ்சருங்கோ, ஒரு இடத்தில குந்துங்கோவன்," என்றாள் மனைவி மாகிரட். "தேத்தண்ணி ஆறுது."

"என்னைக் கோவில்ல முதல் வரிசை வாங்கில்ல வந்து இருக்கட்டாம்."

"தாய்மாமன் எண்டா முன்வாங்கில்தானே."

"வீடியோவை வேற ஆரோ எடுக்கிறானாம்."

மாகிரட் வாயைத் திறந்தாள். பிறகு பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவள் பேசாமல் போனதுதான் பீற்றரை இன்னும் ஒரு சுற்று நடக்க வைத்தது.

நடந்தது இதுதான். வசந்தமலரின் மகள் ஜனுஷாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். அழைப்பிதழும் கையுமாக வந்த தங்கச்சி, அண்ணன் காலடியில் இருக்காத குறையாகக் கதைத்தாள். "அண்ணை, நீங்கள் எங்கட வீட்டில மூத்த ஆள். கமெராவைத் தோளில தூக்கிக்கொண்டு வேலைக்காரன் மாதிரி ஓடித்திரிஞ்சா எங்களுக்குத்தான் வெக்கம். வடிவா உடுத்துக்கொண்டு வந்து முன்னுக்கு இருங்கோ. வீடியோவுக்கு ஒரு இந்தியப் பெடியனைப் பிடிச்சிருக்கிறம். உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டுதான்."

ஒருவர் மூஞ்சியில் கரி பூசினால் துடைத்துவிடலாம். சந்தனம் பூசினால் துடைக்கவும் முடியாது, தாங்கவும் முடியாது. பீற்றர் சிரித்துக்கொண்டு "அதுக்கென்ன" என்றார்.

ஆக்லாந்துக்கு வந்த தமிழருக்குள் தன் கையை மட்டும் நம்பி எழும்பினவர்களைக் கணக்கெடுத்தால் பீற்றரை விட்டுவிட்டு எடுக்க முடியாது. மன்னாரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மாதா கோவில் பெருநாட்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் வயர் சுற்றத் தொடங்கி, பனையில் குழாய் கட்டி, இசைத்தட்டு மாற்றி, பிறகு அந்தத் தொழிலையே தனதாக்கிக்கொண்டவர். அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாட்டுப் போடாத வீட்டில் கொண்டாட்டம் நடக்கிறது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். விடிய முதலே குழாய் பாட வேண்டும். நடுவில் கொஞ்சம் வாயை மூடினால் தெருவால் போகிறவன், "என்ன, செத்தவீடோ?" என்று கேட்டுவிட்டுப் போவான். சத்தம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் பீற்றர் கற்ற முதல் தொழில்.

சண்டை துரத்தி எண்பத்தேழில் நியூசிலாந்துக்கு வந்தபோது ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது யெஸ்ஸும் நோவும். புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்தார். பஸ் கழுவினார். பட்டம் வாங்கி வந்தவர்கள், தங்கள் பட்டம் இங்கே செல்லாது என்று வாடகை வீட்டில் இருந்து அழுத காலத்தில், பீற்றர் மோட்கேஜ் கடன் போட்டு வீடு வாங்கினார். ஒருநாள் பழைய சாமான் கடையில் தோளில் வைக்கிற வீடியோ கமெரா ஒன்று கண்ணில் பட்டது. அதோடு தந்த விளக்கப் புத்தகத்தை அவர் திறக்கவேயில்லை. எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று அவருடைய விரலே தேடிப் படித்தது.

அதன் பிறகு அவர் வீடியோ பீற்றர். கலியாணம், சாமத்தியச் சடங்கு, முதல் நன்மை, பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் அவர்தான். ஊரில் சண்டை, ஆட்கள் ஒரு நாட்டில், உறவு ஒரு நாட்டில். விசா கிடைக்காத தாய்தகப்பன் பிள்ளையின் கலியாணத்தைக் கசெற்றில்தான் பார்த்தார்கள். பீற்றரின் கசெற்றுகள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் பறந்தன. அவற்றை அவர் சும்மா அனுப்பவில்லை. ஒரு மிக்ஸர் மெஷின் வாங்கி, பொன் எழுத்தில் பெயர் ஓடவிட்டு, விரிகிற ரோசாப்பூவுக்குள் பொம்பிளையைக் காட்டி, மாப்பிள்ளையை இதயத்துக்குள் சுழலவிட்டு, தொடக்கம் முதல் முடிவுவரை இடைவெளியில்லாமல் சினிமாப் பாட்டுப் போட்டுக் கொடுத்தார். மண்டபத்தில் பிள்ளை அழுகிற சத்தமும் கோப்பை தட்டுப்படுகிற சத்தமும் ஆருக்கு வேணும்? எல்லாவற்றையும் பாட்டால் மூடினார்.

கசெற்றைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. போட்டுக் காட்டுவார். பக்கத்தில் இருந்து, "எப்பிடி, நல்லாயிருக்கோ?" என்று கேட்பார். "நல்லாயிருக்கு" என்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவராவது வேறு சொன்னதில்லை. ஆனால் போன வருஷத்திலிருந்து சனிக்கிழமைகள் காலியாகத் தொடங்கின. பற்றறியைச் சார்ஜ் பண்ணி வைப்பார், ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஆட்கள் குறைந்துவிட்டார்கள், செலவுக்குப் பயப்படுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது சொந்தத் தங்கச்சியே வேறு ஆளைப் பிடித்த பிறகு அந்தச் சமாதானமும் செல்லாமல் போயிற்று. மருமகளின் கலியாணத்தைத் தன் கையால் எடுக்காவிட்டால் இனி வீடியோ பீற்றர் என்ற பெயர் எதுக்கு?

அடுத்த நாளே கிளம்பிவிட்டார். முதலில் தண்டபாணியின் டெயறிக்குப் போனார். பாலும் பாணும் லொத்தர் சீட்டும் விற்கிற சின்னக் கடை. தண்டபாணியின் மூத்த மகளுக்குச் சாமத்திய வீடு எடுத்தவர் பீற்றர். கடைசி மகளுக்கு இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததற்கு அழைப்பு வந்தது, வேலை வரவில்லை; பீற்றர் போகவில்லை.

"தண்டபாணி, ஒளிக்காமல் சொல்லும். என்ர வேலையில ஏதும் குறை இருக்கோ?"

"என்ன கதை அண்ணை இது. உங்கட வேலைக்கு இந்த ஊரில ஆள் இல்லை," என்று தண்டபாணி ஒரு பிஸ்கட் பக்கெற்றை எடுத்து அவர் கையில் திணித்தார். "பிள்ளைகளுக்குக் குடுங்கோ."

"எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை எண்டு உமக்குத் தெரியும்."

"மாகிரட் அக்காவுக்குக் குடுங்கோவன்."

கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ரிவி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மகளின் சாமத்திய வீடு. தலைப்பு இல்லை, பூ இல்லை, பாட்டு இல்லை. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. மாலை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இரண்டு பெண்கள் வாக்குவாதப்பட்டார்கள். தண்டபாணியின் மனைவி அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இதென்ன, மிக்ஸ் பண்ணாத சாமானே?" என்றார் பீற்றர்.

"சும்மா ஒரு இந்தியப் பெடியன் எடுத்தவன் அண்ணை. உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டுதான்."

அதே சொல். தங்கச்சி சொன்ன அதே சொல். பிஸ்கட் பக்கெற்றைக் காருக்குள் எறிந்துவிட்டு, அந்தப் பெடியன் இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு பீற்றர் நேரே அங்கே போனார்.

அகில் மதுரைப் பக்கத்துப் பையன். கம்ப்யூட்டர் படிக்க வந்தவன். நாலு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், துவைத்த துணிகளுக்கு நடுவில் இருந்தான். பீற்றர் பெயரைச் சொன்னதும் துள்ளி எழும்பி ஒரு நாற்காலியில் கிடந்த துணியை அள்ளினான்.

"சார், நீங்கதான் வீடியோ பீட்டரா? உக்காருங்க சார். உங்க கேசட் பாத்திருக்கேன். அந்த ரோஜாப்பூ விரியறது பிரமாதம் சார்."

போட்டிக்காரனும் புகழ்ந்தால் மனிதன் எங்கே போய் முட்டுவது? பீற்றர் உட்காரவில்லை. "தம்பி, நீர் என்ன மெஷினில மிக்ஸ் பண்ணுறனீர்?"

"என்கிட்ட மெஷினே இல்ல சார். எடுத்தத அப்படியே காப்பி பண்ணிக் குடுத்துடுவேன். எடிட் பண்ணத் தெரியாது."

"பாட்டு?"

"அதுவும் இல்ல சார். பேசுறது எல்லாம் அப்படியே இருக்கும்."

தெரியாதவனைப் பிடித்திருக்கிறார்கள். தெரிந்தவனை முன்வாங்கிலில் இருத்துகிறார்கள். பீற்றருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை, அடுத்த நாள் காலையில் பாணும் இறங்கவில்லை. "மாகிரட், உமக்கு ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார். "நான் சொன்னது எப்ப உங்கட காதில ஏறினது? கேக்கவேண்டிய ஆளிட்டப் போய்க் கேளுங்கோ," என்று அவள் வெங்காயம் உரித்தாள்.

கேட்கவேண்டிய ஆள் கலியாணப் பொம்பிளை ஜனுஷாதான் என்று பீற்றருக்குப் பட்டது. பன்னிரண்டு வயதில் வந்து இங்கேயே வளர்ந்தவள். நகரத்தில் ஒரு வங்கியின் தொலைபேசிப் பகுதியில் வேலை. பின்னேர ரயிலில் வருவாள் என்று தெரிந்து மவுண்ட் ஆல்பர்ட் ஸ்ரேஷனில் போய் நின்றார். மழை தூறியது. குடை இருந்தும் விரிக்க மறந்து மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். ரயிலால் இறங்கின ஜனுஷா நனைந்த மாமாவைக் கண்டு பயந்துபோனாள்.

"மாமா, அம்மாவுக்கு ஏதுமா?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான். ஏன் பிள்ளை என்னை வேண்டாமெண்டனீ?"

அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள். "அம்மா சொன்ன ரீசன் போதுமா, இல்லாட்டி உண்மை வேணுமா?"

"உண்மை."

"சொன்னா நீங்கள் கோவிப்பீங்கள். நீங்கள் கோவிச்சா அம்மா அழுவா. அதாலதான் மாமா ஒருத்தரும் சொல்றேல்ல."

"நான் கோவிக்கிறனானோ?" என்று பீற்றர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். ஜனுஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிறகு அவள் தன் வேலையிடத்துக் கதையைச் சொன்னாள். அவர்கள் போனில் கதைப்பதை எல்லாம் பதிவு செய்வார்களாம். கிழமைக்கொருமுறை மனேஜர் பக்கத்தில் இருத்தி அதைப் போட்டுக் கேட்க வைப்பாளாம். கேட்கும்போது வாய் திறக்கக் கூடாது. அது அப்படியில்லை, அந்த ஆள் அப்படிக் கேட்டவன், என்று ஒரு நியாயமும் சொல்லக் கூடாது. முடிந்த பிறகு ஒரு தாங்ஸ் மட்டும். "ஃபீட்பாக் எண்டு சொல்லுவினம். ஃபெர்ஸ்ட் டைம் நான் டொய்லெற்றுக்குள்ள போய் அழுதனான் மாமா. நான் கஸ்டமரை முடிக்க விடாம இடையில இடையில கதைச்சிருக்கிறன். எனக்கே தெரியாது."

"வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்லை."

"அப்ப வேண்டாம் மாமா. முன்வாங்கில்ல இருங்கோ."

பீற்றர் தூறலுக்குள் இன்னும் ஒரு நடை போய்த் திரும்பி வந்தார். "எப்ப?"

"ஞாயிறு பூசைக்குப் பிறகு. எங்கட வீட்டில. பிரியந்தியை வரச் சொல்லுறன். அவளின்ர வெடிங் கசெற்றைப் பாப்பம். நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

பிரியந்தி ஜனுஷாவின் சிநேகிதி. அவளுடைய கலியாணத்தைப் பீற்றர் எடுத்து மூன்று வருஷம் இருக்கும். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பன் மன்னாரிலிருந்து எத்தனையோ பாடுபட்டு, விசிற்றர் விசா எடுத்து வந்து மகளைக் கைபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். போய் ஒரு வருஷத்துக்குள் காலமாகிவிட்டார். பீற்றர் தன் வேலைகளுக்குள் முதல் தரம் என்று நினைத்திருந்தது அந்தக் கசெற்றைத்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனார்.

வசந்தமலர் குசினிக்குள் ஒளிந்துகொண்டு சட்டிகளைத் தேவையில்லாமல் கழுவினாள். ஜனுஷா திரையை இழுத்து மூடினாள். ரிமோட் பிரியந்தியின் கையில்.

"நீ வீட்டில எப்பிடிப் பாப்பியோ அப்பிடியே பார். மாமாவை மறந்திடு," என்றாள் ஜனுஷா.

பொன் எழுத்துகள் எழும்பின. ரோசா மொட்டு அசைந்தது. பீற்றர் நிமிர்ந்து இருந்தார். பிரியந்தி வேகமாக ஓடவிடுகிற பொத்தானை அழுத்தினாள். ரோசா படக்கென்று விரிந்து சுருங்கி மறைந்தது.

"பிள்ளை, ஏன் அதை ஓடவி..."

"மாமா."

அவர் வாயை மூடினார். படம் ஓடியது. கோவில் வாசல் ஓடியது. பூசை வைத்த சுவாமியார் பொம்மை மாதிரிக் கையை ஆட்டினார். இதயங்கள் பம்பரமாய்ச் சுற்றின. ஒரு கிழமை லீவு போட்டு மாட்டினவை, ஒரு தும்மலுக்குள் முடிந்துபோயின. வாக்குக் கொடுக்கிற இடத்தில் பிரியந்தி ஓட்டத்தை நிற்பாட்டினாள். அவளும் மாப்பிள்ளையும் வாயசைத்தார்கள். கேட்டது சினிமாப் பாட்டு. பாடகி உருகினாள். பிரியந்தி பெருமூச்சு விட்டுத் திரும்பவும் ஓடவிட்டாள். பீற்றர் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் போட்டார், எடுத்தார், கதிரையின் நுனிக்கு வந்தார், பின்னுக்குப் போனார். வாய்க்குள் நியாயங்கள் வரிசையில் நின்று தள்ளுப்பட்டன. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தக் கோவிலில் சத்தம் சரியில்லை. அது விலை கூடின மெஷின்.

மண்டபம் வந்ததும் பிரியந்தி சாதாரண வேகத்தில் விட்டாள். எழும்பி ரிவிக்குக் கிட்டப் போய் நிலத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா எழும்பி மைக்கைப் பிடித்தார். ஒரு பக்க முகத்தில் பீற்றர் மிக்ஸரில் போட்ட மெழுகுதிரி எரிந்தது. மறுபக்கம் வாய் அசைந்தது. பாட்டு.

"இதில 'உன்ர அம்மா' எண்டு சொல்லுறார். வாயைப் பார் ஜனு. இதுக்குப் பிறகு ஏதோ நீளமாச் சொல்லுறார், விளங்கேல்லை." அவள் திரும்பவில்லை. "அண்டைக்கு நான் நடுங்கிக்கொண்டு நிண்டனான். ஒண்டும் மண்டையில ஏறேல்லை. கசெற்றில கேக்கலாம் எண்டு நினைச்சனான்."

பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் சின்ன இடைவெளி. அந்த இடத்தில் படத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின, பனி கொட்டினது போல. ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு நாடா தேய்ந்திருந்தது. கரகரப்புக்குள் ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல்: "சரி பிள்ளை, சாப்பாடு ஆறுது." உடனே அடுத்த பாட்டு.

பிரியந்தி பின்னுக்கு இழுத்து இன்னொருமுறை போட்டாள். "இவ்வளவுதான் இருக்கு," என்றாள்.

பீற்றருக்கு அந்த இடைவெளி ஞாபகம் வந்தது. பாட்டுக்குப் பாட்டு ஒட்டுப்போடும்போது அவர் விட்ட பிழை அது. ஒருவரும் கவனிக்கக் கூடாதே என்று அப்போது பயந்தார். அந்த முழுக் கசெற்றிலும் ஆட்கள் பார்த்தது அவர் பிழைவிட்ட அந்த ஒரு இடத்தைத்தான்.

"இனிக் கதைக்கலாம் மாமா," என்றாள் ஜனுஷா.

தாங்ஸ் வரவில்லை. "நான் கொண்டுவந்து போட்டுக் காட்டின அண்டைக்கு நல்லாயிருக்கு எண்டனியே பிள்ளை," என்றார் பிரியந்தியிடம்.

"நீங்கள் ரிவியைப் பாக்கேல்லையே அங்கிள். பக்கத்தில இருந்து என்ர முகத்தையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனீங்கள். அப்பிடி ஆசையாப் பாக்கிற ஆளிட்ட என்னெண்டு சொல்லுறது?" பிறகு மெல்லக் கேட்டாள். "ஒரிஜினல் இருக்குமோ அங்கிள்?"

கமெராவில் எடுத்த கசெற்றுகளை வைத்திருக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வேலை முடிந்ததும் அதற்கு மேலேயே அடுத்த கொண்டாட்டத்தை எடுப்பார். அது சிக்கனம் என்று பெருமையாகவும் சொல்லுவார். "பாக்கிறன்," என்றார். இல்லை என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கார்வரை வெறும் காலுறையோடு நடந்தார்.

அந்தக் கிழமை முழுக்கப் பீற்றர் வேலையால் வந்ததும் கராஜுக்குள் போனார். பெட்டி பெட்டியாகக் கசெற்றுகள். ஒன்றைப் போடுவார், எடுப்பார், அடுத்ததைப் போடுவார். வியாழக்கிழமை பின்னேரம் மாகிரட்டும் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தாள்.

"முதல் கசெற்றிலேயே சொன்னனான், மனுசர் கதைக்கிறது கேக்கேல்லை எண்டு."

"நான் என்ன சொன்னனான்?"

"உமக்குக் கலை விளங்காது எண்டனீங்கள்."

பீற்றர் அடுத்த கசெற்றைத் தள்ளினார். யாரோ ஒரு குழந்தையின் முதலாம் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள், பலூன் உடைத்தார்கள், முடிந்தது. அவர் நிற்பாட்டக் கை நீட்டும்போது திரை ஒருமுறை துள்ளியது. பிறந்தநாள் சின்னது, பழைய பதிவின் வால் மிச்சம் இருந்தது. ஒரு மேசை சரிந்து தெரிந்தது. பாதிச் சாப்பாட்டுக் கோப்பை, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முழங்கை. சாப்பிடப் போன பீற்றர் கமெராவை நிற்பாட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முகம் இல்லை. ஆனால் பிரியந்தியின் அப்பாவின் குரல் பளிச்சென்று கேட்டது.

"மீன்குழம்பு ஆர் வச்சது? எங்கட கடல் மீன் மாதிரி இல்லை. ஆனா வச்ச கை நல்ல கை." ஒரு இருமல். "தம்பி, பிள்ளைக்கு ஒரு வாய் கொண்டுபோய்க் குடும். காலமையில இருந்து அவள் சாப்பிடேல்லை. பசி வந்தா அவளுக்குத் தலையிடிக்கும். கேக்கமாட்டாள், நீராக் குடுக்கவேணும்."

அதோடு நாடா முடிந்தது.

மண்டபத்துப் பேச்சு அந்த வாலில் இல்லை. அது போனது போனதுதான். இருந்ததை வேறு ஒரு கசெற்றுக்கு இறக்கும்போது பீற்றரின் விரல், பழகின மாடு மாதிரி, தலைப்புப் பொத்தானை நோக்கித் தானே போயிற்று. மாகிரட் அந்த விரலைப் பார்த்தாள். விரல் திரும்பி வந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தபோது பக்கத்தில் இருந்து முகம் பார்க்கவில்லை. வாசலில் கையில் வைத்து, "பேச்சு இல்லைப் பிள்ளை. அப்பா சாப்பிடுற இடம் மட்டும் இருக்கு. மிச்சத்தை நான் அழிச்சுப்போட்டன்," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறினார். வழியெல்லாம் கை ஸ்ரேறிங்கில் தாளம் போட்டது. வீட்டுக்கு வந்தும் போனடியில் நின்றார், ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை. நல்லாயிருக்கு என்று பொய்யாவது சொல்லமாட்டாளா என்றிருந்தது.

மூன்றாம் நாள் ஜனுஷாதான் கூப்பிட்டாள். "மாமா, பிரியந்தி அதைப் பாத்துட்டு என்னோட ஒரு மணித்தியாலம் அழுதவள். வெடிங்குக்கு ரெண்டு கமெரா வேணும். கோவில்ல அகில். ஹோல்ல நீங்கள். பாட்டு இல்லை, பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. சரியா?"

பாதி வேலை எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைப் பீற்றர் விழுங்கினார். மீன்முள்ளு விழுங்கினது மாதிரித்தான் இருந்தது. "சரி," என்றார்.

கலியாணத்தன்று கோவிலில் முன்வாங்கிலில் இருந்தார். கமெரா இல்லாத தோள் தினவெடுத்தது. அகில் தவறான பக்கத்தில் நிற்கிறான் என்று கண்டு இருமுறை எழும்பப் பார்த்தார்; மாகிரட் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள். மண்டபத்தில் கமெரா தோளுக்கு வந்ததும் மனிதனுக்கு மூச்சு வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எடுத்தார். மாப்பிள்ளை கிரிஷானின் தாய் மருமகளின் காதுக்குள் சொன்னதையும், வசந்தமலர் சோற்றுக்கு உப்புக் காணாது என்று முணுமுணுத்ததையும் பிடித்தார். தாய்மாமன் பேசுகிற முறை வந்தபோது கமெராவை அகிலிடம் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்; முதலில் ஜனுஷாவைப் பற்றியும், பிறகு தன்னைப் பற்றியும் பேசினார்.

அடுத்த கிழமையே கசெற் ஜனுஷாவின் கைக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு வசந்தமலர் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். பீற்றர் ரிவிக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, வாசல் ஓரமாய்க் கதிரையைப் போட்டார்.

"ஒரு குறையும் இல்லை அண்ணை," என்று தங்கச்சி தொடங்கினாள். "நல்லா..."

"அது நான் கேக்கேல்லை. எந்த இடத்தில ஓடவிட்டனீங்கள்?"

வசந்தமலர் குசினிப் பக்கம் பார்த்தாள். கிரிஷான் தன் கைவிரல்களை ஆராய்ந்தான். ஜனுஷா அவனை ஒருதரம் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"உங்கட ஸ்பீச் மாமா."

"முழுக்கவோ?"

"முழுக்க இல்லை. புக்கெகோஹி வெங்காயம் வந்த இடத்தில இருந்து."

வெங்காயத்தில் தொடங்கி வீடு வாங்கினதுவரை அவர் சொன்னது அவருடைய சீவியம். அதைப் பொத்தான் அமத்தி ஓடவிட்டிருக்கிறார்கள். நியாயங்கள் வாய்க்குள் திரண்டன, பல்லுக்குப் பின்னால் முட்டின. பீற்றர் எழும்பினார். ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், நின்றார்.

"தாங்ஸ்," என்றார், பல்லிடுக்கால். பிறகு இன்னொருதரம் ஜன்னல்வரை போய்விட்டு வந்து கேட்டார்.

"வெங்காயத்துக்கு முதல் சொன்னது?"

"அதைக் கேட்டனாங்கள்," என்றாள் ஜனுஷா. "இருங்கோ மாமா, போட்டுக் காட்டுறன்."

பீற்றர் இருக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.